குட்டி இங்கிலாந்துக்கு ஒரு கல்விச் சுற்றுலா

வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போகிற கடிதத்தில் 'கல்விச் சுற்றுலா' என்றுதான் இருக்கும். பிள்ளைகளின் கைக்கு வருகிற துண்டுக் காகிதத்தில் இடங்களின் பட்டியல் மட்டும் இருக்கும்: பேராதனைப் பூங்கா, ரம்பொடை நீர்வீழ்ச்சி, ஒரு தேயிலைத் தொழிற்சாலை, கிரகரி வாவி, ரேஸ்கோர்ஸ், சீதாஎலிய கோயில், ஹக்கல பூங்கா. கீழே கட்ட வேண்டிய காசு. அதற்குக் கீழே 'குளிருக்கு ஜேர்சி கொண்டு வரவும்'. வடக்கிலோ கிழக்கிலோ படித்த எல்லாருக்கும் இந்தக் காகிதம் தெரியும். எங்களுக்கும் தெரியும்.

இந்தப் பட்டியலில் ரேஸ்கோர்ஸ் என்ற ஒரே ஒரு இடத்தை மட்டும் எடுத்து இங்கே பேசப் போகிறோம். அந்த ஒரு இடத்தில் பிள்ளைகளுக்கு என்ன சொல்கிறோம், என்ன சொல்லாமல் விடுகிறோம் என்று பார்த்தாலே, எங்கள் பாடசாலைகள் மலையகத்தை எப்படிப் பார்க்கின்றன என்பது விளங்கிவிடும்.

வழக்கமாக நடப்பது இதுதான். பஸ் நிற்கும். 'இதுதான் குட்டி இங்கிலாந்து' என்று ஒரு சேர் அறிவிப்பார். சீசன் காலம் என்றால் குதிரைகள் ஓடுவதை எட்டி நின்று பார்க்கலாம். மற்ற நாட்களில் மைதான ஓரத்தில் மட்டக்குதிரைகளோடு சிலர் நிற்பார்கள். காசு உள்ள பிள்ளை ஏறி ஒரு சுற்று வரும், காசில்லாத பிள்ளை பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கும். அரை மணித்தியாலம். பிறகு எண்ணிப் பார்த்து பஸ்ஸில் ஏற்றுவார்கள். அடுத்த கிழமை 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை எழுதச் சொல்வார்கள். எல்லாக் கட்டுரையிலும் 'இயற்கை எழில் கொஞ்சும் நுவரெலியா' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும்.

இதில் கல்வி எங்கே இருக்கிறது?

முதலில் அந்த 'குட்டி இங்கிலாந்து' என்ற சொல். அது எங்கள் சொல் இல்லை. வெக்கை தாங்காமல் மலைக்கு ஏறின வெள்ளைக்கார உத்தியோகத்தர்களும் தோட்டத் துரைமாரும், தங்கள் ஊரை நினைத்துக்கொண்டு அந்தப் பள்ளத்தாக்கைத் தங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றினார்கள். சாமுவேல் பேக்கர் 1840களின் இறுதியில் அங்கே இங்கிலாந்துப் பண்ணை ஒன்றையே இறக்கப் பார்த்தவர். மாடு, குதிரை, வேட்டை நாய், மரக்கறி விதை எல்லாம் கப்பலில் வந்தன. பிறகு கிளப் வந்தது, கோல்ஃப் வந்தது, 1870களில் ரேஸ் வந்தது. கடல் மட்டத்தில் இருந்து 1868 மீற்றர் உயரத்தில், வட்டமாக வேலி அடித்து, அதற்குள் குதிரை ஓட்டுவதற்கு ஒரு சமூகத்துக்குக் காசும் நேரமும் எங்கிருந்து வந்தது? அந்த ஒரு கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்டாலே அரைவாசிப் பாடம் முடிந்துவிடும்.

அதே 1870களில் கடலுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் தின்றது. இலட்சக்கணக்கில் சனம் செத்தது. உயிரோடு மிஞ்சியவர்களில் பெருந்தொகையானோர் கங்காணிமாரோடு இலங்கைக்கு வந்தார்கள். அதற்கு ஐம்பது வருடம் முந்தியே கோப்பித் தோட்டங்களுக்காக இந்த வருகை தொடங்கிவிட்டது. கோப்பியை நோய் அழித்து, தேயிலை வந்த பிறகு வந்தவர்கள் திரும்பிப் போக வழியில்லாமல் லயங்களில் தங்கினார்கள். தலைமன்னார்ப் பக்கம் இறங்கி, காடு வழியே, தம்புள்ளை, மாத்தளை என்று நடந்து வந்தவர்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்களின் கணக்கு ஒழுங்காக எழுதி வைக்கப்படவில்லை. குதிரைகளுக்கு வம்சாவளி எழுதி வைக்கிற வழக்கம் அந்தத் துரைமாருக்கு இருந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இப்போது சுற்றுலா பஸ் போகிற பாதையை யோசித்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து ஏ9 வீதியால் இறங்கி, தம்புள்ளை தாண்டி, மாத்தளையால் கண்டிக்கு ஏறுகிறது. அந்த நடைபாதையின் பெரும்பகுதியை நாங்கள் குளிரூட்டின பஸ்ஸில், டிஜே போட்டுக்கொண்டு கடக்கிறோம். 2023இல், வந்து 200 வருடம் ஆனதை நினைத்து மலையக மக்கள் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரைக்கும் அதே பாதையில் நடந்தார்கள். பத்திரிகையில் வந்தது, எல்லாரும் பார்த்தோம். அதற்குப் பிறகு மாத்தளையால் போன எத்தனை பள்ளி பஸ்களில் மைக்கை வாங்கி யாராவது இதைச் சொல்லியிருப்பார்கள்? மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலடியில் நிறுத்தி, கும்பிட்டுவிட்டு, வடை சாப்பிட்டுவிட்டுப் போகிறோம். அந்தக் கோயில் ஏன் அங்கே இருக்கிறது என்று ஒரு வசனம் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்?

'பிள்ளையள் சந்தோசமா ஒரு நாள் போட்டு வரட்டும், உங்களுக்கு எல்லாத்திலயும் அரசியல்தான்' என்பது நாங்கள் அடிக்கடி கேட்கிற பதில். இது வெறும் சோம்பல் பதில் என்று ஒதுக்க நாங்கள் தயாரில்லை. போர் முடிந்த பிறகுதான் இந்தப் பிள்ளைகளின் அம்மா அப்பாவுக்கே பயமில்லாமல் சுற்றுலா போகக் கிடைத்தது. சிரிக்கிறதுக்கு ஒரு நாள் வேண்டும். அதில் எங்களுக்கு மறுப்பே இல்லை. ஆனால் ஒரு விசயத்தைக் கவனியுங்கள். அனுராதபுரத்துக்குப் போனால் அரசர் பெயர் சொல்கிறோம். சிகிரியாவுக்குப் போனால் காசியப்பன் கதை சொல்கிறோம். சீதாஎலியவில் இறங்கினால் இராவணன் கதையை விரிவாகச் சொல்கிறோம். அங்கெல்லாம் கதை சொன்னதால் பிள்ளைகளின் சந்தோசம் குறைந்துவிட்டதா? தேயிலைக்கும் ரேஸ்கோர்ஸுக்கும் வரும்போது மட்டும் ஏன் வாய் மூடுகிறது?

ஏன் என்று எங்களுக்குத் தெரியும். அந்தக் கதை எங்களுக்கும் சங்கடம். 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லை வடக்கில் உருவாக்கியது வெள்ளைக்காரன் இல்லை. வீட்டு வேலைக்குப் பதின்ம வயதுப் பிள்ளைகளை மலையில் இருந்து கூட்டி வந்து குசினிப் பக்கம் படுக்க வைத்த வீடுகள் எங்கள் ஊர்களில் இருந்தன. துரைமாருக்குக் கீழே கணக்குப்பிள்ளையாகவும் கிளாக்கராகவும் வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். குட்டி இங்கிலாந்தின் கதையைச் சொன்னால், அந்தக் கதைக்குள் நாங்கள் நிற்கிற இடமும் தெரிந்துவிடும். அதனால்தான் 'இயற்கை எழில்' வசதியாக இருக்கிறது.

அதைவிடக் கூச்சமான ஒன்று இருக்கிறது. அந்த பஸ்ஸிலேயே மலையகப் பிள்ளைகள் இருக்கிறார்கள். 1958, 1977, 1983 என்று ஒவ்வொரு கலவரத்துக்கும் பிறகு மலையில் இருந்து ஓடி வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களின் மூன்றாம், நான்காம் தலைமுறை அது. போரில் எல்லாரோடும் சேர்ந்து செத்ததும் இடம்பெயர்ந்ததும் அந்தச் சனம்தான். வன்னிப் பாடசாலை ஒன்றில் இருந்து நுவரெலியாவுக்குப் போகும் பஸ்ஸில், யன்னலோரம் இருக்கும் ஒரு பிள்ளைக்கு அம்மம்மா பிறந்த தோட்டத்தின் பெயர் தெரிந்திருக்கும். பஸ் அந்தத் தோட்டத்தைக் கடக்கும்போது மற்றப் பிள்ளைகள் லயத்தைப் பார்த்துச் சிரித்தால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? தானும் சேர்ந்து சிரிக்கும், இல்லாவிட்டால் தூங்குகிற மாதிரி கண்ணை மூடும். கல்விச் சுற்றுலா அந்தப் பிள்ளைக்குக் கற்றுக் கொடுப்பது அதைத்தான்: உன்னுடைய ஊரை வெளியில் சொல்லாதே.

தேயிலைத் தொழிற்சாலையையும் பாருங்கள். கொழுந்தை வாட்டுவது, அரைப்பது, காயப்போடுவது, தரம் பிரிப்பது என்று எல்லாம் விளக்குவார்கள். பிள்ளைகள் குறிப்புக் கொப்பியில் எழுதுவார்கள். கொழுந்து எப்படித் தொழிற்சாலைக்கு வந்தது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அதைப் பறித்த கைக்கு 1000 ரூபாய் நாட்கூலி கிடைப்பதற்கு 2021 வரைக்கும் போராட வேண்டியிருந்தது. 2024இல் அது 1350 ஆனது. அதுவும் தோட்டம் சொல்கிற கிலோவைப் பறித்தால்தான் முழுப்பேர், இல்லாவிட்டால் அரைப்பேர். தொழிற்சாலையின் விற்பனைக் கூடத்தில் பிள்ளைகள் வீட்டுக்கு வாங்கிப் போகும் தேயிலைப் பெட்டிகளின் விலையோடு அந்தக் கூலியை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம். ஏழாம் ஆண்டுப் பிள்ளைக்கே செய்யக்கூடிய கணக்கு.

ரேஸ்கோர்ஸ் ஓரத்தில் செய்ய இன்னொரு கணக்கு இருக்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லய அறை. வீடு கட்ட ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி கொடுப்பதா, 10 பேர்ச் கொடுப்பதா என்று அரசாங்கங்கள் மாறி மாறிப் பேசிக்கொண்டிருக்கின்றன. நகரத்தின் நடுவில், தட்டையான, மண்சரிவுப் பயம் இல்லாத அருமையான நிலம் நூற்றைம்பது வருடமாகக் குதிரை ஓடுவதற்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. மைதானத்தை உடைத்து வீடு கட்டச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. நிலம் யாருக்கு எவ்வளவு தாராளமாகக் கிடைத்தது என்று பிள்ளைகள் தங்கள் கண்ணால் அளந்து பார்க்கட்டும்.

அடுத்தது சூது. இதைப் பற்றிப் பேசாமல் ரேஸ்கோர்ஸைக் காட்டுவது, தவறணையைக் காட்டிவிட்டு 'இது போத்தல் அடுக்கி வைக்கிற இடம்' என்று சொல்வதற்குச் சமன். குதிரைப் பந்தயம் பந்தயக் காசில்தான் ஓடுகிறது. இலங்கையில் அது நுவரெலியாவோடு நிற்பதும் இல்லை. ஹட்டன், பண்டாரவளை, கொழும்பு, வவுனியா என்று எந்த நகரத்துப் பஸ் நிலையத்தடியிலும் தேடிப் பார்த்தால் ஒரு ரேஸ் புக்கி இருக்கும். 1988ஆம் ஆண்டின் பந்தய, சூதாட்ட வரிச் சட்டத்தின் கீழ் வரியைக் கட்டிவிட்டு நடக்கிற வியாபாரம். உள்ளே தொலைக்காட்சியில் ஓடுவது பெரும்பாலும் இங்கிலாந்துக் குதிரைகள். அங்கே மத்தியானம் கடந்து ரேஸ் தொடங்க, இங்கே வேலை முடிந்து கூலியோடு ஆட்கள் இறங்குகிற பின்னேரம். கெம்ப்டன், லிங்ஃபீல்ட், வுல்வர்ஹாம்ப்டன் என்று ஒரு நாளும் காணாத ஊர்களின் பெயரைச் சுத்தமாகச் சொல்லக்கூடிய அண்ணன்மார் எங்கள் நகரங்களில் இருக்கிறார்கள். ரேஸ் பேப்பரை அவர்கள் படிக்கிற கவனத்தோடு எங்களில் யாரும் உயர்தரப் பரீட்சைக்குப் படித்ததில்லை.

புக்கி எப்படி வெல்கிறான் என்பது கணிதப் பாடம். ஐந்து குதிரை ஓடுகிறது, ஐந்துக்கும் வெல்கிற வாய்ப்பு ஒரே அளவு என்று வைத்துக்கொள்வோம். நியாயமாகப் பார்த்தால் நூறு ரூபாய் கட்டி வென்றவனுக்கு 400 ரூபாய் இலாபம் கொடுக்க வேண்டும், கட்டின நூறையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் புக்கி எழுதி வைப்பது ஒன்றுக்கு மூன்று. ஐந்து பேர் ஆளுக்கொரு குதிரையில் நூறு நூறாகக் கட்டுகிறார்கள். பெட்டிக்குள் 500. எந்தக் குதிரை வென்றாலும் வென்றவனுக்குப் போவது 300 இலாபமும் அவன் கட்டின நூறும், ஆக 400. மிச்சம் 100 புக்கிக்கு. குதிரை மாறும், ஜொக்கி மாறுவான், மழை வரும், வெயில் வரும்; அந்த நூறு மாறாது. உண்மையான பந்தயத்தில் எண்கள் வேறு வேறாக இருக்கும், அடிப்படை இதுதான். சாதாரண தரத்து நிகழ்தகவுப் பாடத்தை இதைவிட நன்றாக எங்கே விளங்கப்படுத்த முடியும்? கணித ரீச்சரும் அந்த பஸ்ஸில்தான் வந்திருப்பார். இன்றைக்கு இதே கணக்குத்தான் பிள்ளைகளின் கைபேசிக்குள் கிரிக்கெட் பெட்டிங் அப்களாக வந்து நிற்கிறது. குதிரையைக் காட்டி அதைச் சொல்லிக் கொடுக்காவிட்டால், காசை விட்டுத்தான் அவர்கள் அதைப் படிப்பார்கள்.

குதிரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மற்றப் பேச்சில் அதை மறந்துவிடக் கூடாது, அங்கே வாயில்லாமல் நிற்பது அதுதான். பந்தயக் குதிரையை இரண்டு வயதில், எலும்பு முழுதாக முற்ற முதலே ஓட விடுவது உலகம் முழுக்க உள்ள வழக்கம். கால் உடைந்தால் பெரும்பாலும் கருணைக் கொலைதான், ஏனென்றால் அந்தப் பாரத்தை மூன்று காலில் தாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் குதிரையால் நிற்க முடியாது. சவுக்கடி அதற்கு உறைக்காது என்று குதிரைக்காரர் சொல்லி வந்தார்கள். சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் குதிரைத் தோலையும் மனிதத் தோலையும் வைத்துப் பார்த்தபோது, வலியை உணரும் நரம்பு முனைகளில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. எங்கள் நாட்டின் மிருகவதைச் சட்டம் 1907இல் வந்தது. அதில் எழுதியிருந்த உச்சத் தண்டம் 100 ரூபாய். நுவரெலியா வீதிகளில் எலும்பு தெரிய, குப்பையில் வாய் வைத்துக்கொண்டு நிற்கும் குதிரைகளைச் சுற்றுலா போனவர்கள் எல்லாரும் கண்டிருப்பீர்கள். சவாரிக்குக் கயிறு பிடித்துக்கொண்டு நிற்கிறவரைத் திட்டி எழுதுவது எங்கள் நோக்கமில்லை. சீசனில் உழைக்கிற காசில்தான் அவர் வீட்டிலும் அடுப்பு எரிகிறது. ஆனால் 'குதிரைக்கு வயது என்ன, ஒரு நாளைக்கு எத்தனை சுற்று, தண்ணி எப்ப குடுப்பீங்கள் அண்ணை?' என்று பிள்ளைகள் அவரிடம் கேட்கலாம். அந்த உரையாடலில் இருக்கும் படிப்பு, முதுகில் ஏறி எடுக்கும் போட்டோவில் இல்லை.

கொழும்புப் பிள்ளைகளுக்கு இன்னும் சுலபம். அவர்களுடைய பழைய ரேஸ்கோர்ஸ் இப்போது றக்பி மைதானமும் கடைத்தொகுதியும். இரண்டாம் உலகப் போரில் அந்த ஓடுபாதையில் விமானம் இறங்கியது. ஒரே நிலம், துரைமாரின் பொழுதுபோக்கில் தொடங்கி, போருக்குப் போய், பிறகு காசுள்ளவர்கள் கோப்பி குடிக்கிற இடமாக மாறிய கதையை அங்கேயே நின்று சொல்லலாம். செல்பி எடுக்கப் போகும் பிள்ளைகளுக்கு அந்தச் சுவர்கள் என்ன என்று சொல்ல ஒருவர் இருந்தால் போதும்.

'ஆசிரியர்களுக்கே இது தெரியாது, அவையள் என்ன செய்வினம்?' என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. பத்து நாள் முந்தி வலயத்தின் கையெழுத்துக்கு அலைகிறதும், பஸ்காரனோடு விலை பேசுகிறதும், காணாமல் போன பிள்ளையைத் தேடுகிறதும் அவர்கள்தான். ஆகவே எங்கள் கோபம் தனி ஆசிரியர் மீது இல்லை. பட்டியலை மாற்றாமல் வருடா வருடம் அதே காகிதத்தை அச்சடிக்கும் பழக்கத்தின் மீதுதான். அதை மாற்ற அமைச்சின் சுற்றறிக்கை தேவையில்லை.

நாங்கள் கேட்பது நான்கே நான்கு விசயம்.

ஒன்று: போவதற்கு முதல் கிழமை, வகுப்பில் ஒரு பாடவேளை மலையக வரலாற்றுக்கு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாடுகள் மேசையில் இருந்து கணக்குப் பார்த்த கதை. தமிழரசுக் கட்சி 1949இல் பிறந்ததே இந்தக் குடியுரிமைப் பிரச்சினையில் வந்த பிளவால்தான் என்றால் வடக்குப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இரண்டு: மலைநாட்டுக்குப் போகும் ஒவ்வொரு பயணத்திலும் ஒரு தோட்டப் பாடசாலை. வேடிக்கை பார்க்க வேண்டாம், லயத்துக்குள் நுழைந்து போட்டோ எடுக்கவும் வேண்டாம். முன்கூட்டியே அந்த அதிபரோடு பேசி, ஒரு கரப்பந்தாட்டமோ விவாதமோ வையுங்கள். அடுத்த வருடம் அவர்களை உங்கள் ஊருக்குக் கூப்பிடுங்கள். கடல் காணாத பிள்ளைகள் அங்கேயும் இருக்கிறார்கள். நெடுந்தீவுக்குக் கூட்டிப் போய், யாரும் ஏறாத, பந்தயம் ஓடாத குதிரைகளைக் காட்டுங்கள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்த குதிரைகளின் வழி வந்தவை, வரட்சிக் காலத்தில் தண்ணியில்லாமல் சாகிறவை. அந்தக் கதையை நீங்கள் சொல்லுங்கள்.

மூன்று: காசில்லாத பிள்ளையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். கட்ட முடியாத பிள்ளை சுற்றுலா நாளில் 'காய்ச்சல்' என்று வீட்டில் நிற்கும். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் சங்கங்கள் வாசல் வளைவு கட்டுகிற காசில் ஒரு பங்கை இதற்குத் தரட்டும். வளைவில் பெயர் பொறிக்கலாம், இதில் பொறிக்க முடியாது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

நான்கு: திரும்பி வந்து எழுதும் கட்டுரையில் 'இயற்கை எழில்' என்ற சொல்லைத் தடை செய்யுங்கள். கண்ட ஒரு மனிதரைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். கொழுந்து நிறுத்தவர், குதிரைக் கயிறு பிடித்தவர், வீதியோரம் கரட் விற்றவர், யாராக இருந்தாலும் சரி.

இதை வாசிக்கிறவர்களில் பலர் இன்னும் பாடசாலையில் இருக்கிறீர்கள், சிலர் இப்போதுதான் ஆசிரியர் நியமனம் எடுத்திருக்கிறீர்கள். அடுத்த சுற்றுலாக் காகிதம் உங்கள் கைக்கு வரும்போது, 'சேர், மாத்தளையில பத்து நிமிசம் எனக்கு மைக்கைத் தாங்கோ' என்று கேளுங்கள். தர மாட்டேன் என்று சொல்ல அவரிடம் பெரிய காரணம் ஒன்றும் இருக்காது. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால், பக்கத்து சீற்றில் இருக்கிறவளின் அம்மம்மா எந்தத் தோட்டம் என்று கேட்டுத் தொடங்குங்கள். அவள் விரும்பினால் மைக்கை அவளிடமே கொடுங்கள்.